முழு கூடுதல் பொறுப்பு

ஒரு பதவியின் முழு கூடுதல் பொறுப்பை வகிக்கும் அலுவலர், அந்தப் பதவிக்கு உரிய அதிகாரங்கள் அனைத்தையும் செலுத்தலாம். விதி இவ்வளவுதான். இதில் தெளிவில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. முப்பத்து நான்கு ஆண்டு பணியில் இதை எத்தனையோ இளநிலை உதவியாளர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் அதிகாரி தன் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போனார். செவ்வாய்க்கிழமை வரை முழு கூடுதல் பொறுப்பு எனக்கு. எனக்கு ஓய்வுபெறப் பத்து மாதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கல்வராயன் மலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊர். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மலையிலிருந்து வருகிறவர்களில் பலர் அப்படித்தான் செய்வார்கள். வேண்டாம் என்று நாங்களும் சொன்னதில்லை.

"சார், திங்கக்கெழமை மெட்ராஸ்ல நர்சு படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. சாதிச் சான்று இல்லன்னா உள்ள வுடமாட்டாங்களாம். இந்த வருசத்தோட எனக்கு வயசு முடிஞ்சிடும் சார்."

கோப்பு என் மேசையில்தான் இருந்தது. விசாரணை முடிந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் இருவரும் நேரில் போய்ப் பார்த்துப் பரிந்துரை செய்திருந்தார்கள். பாக்கி ஒரே ஒரு கையெழுத்து.

"அதிகாரி லீவுல இருக்காரும்மா. செவ்வாய்க்கிழமை வா."

"செவ்வாக்கெழமை வந்து இன்னா சார் பண்றது? இப்ப நீங்கதான் அதிகாரின்னு அந்த அக்கா சொன்னாங்களே."

அந்த அக்கா எங்கள் அலுவலக உதவியாளர். கதவருகே நின்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் மேலும் சொன்னாள். "மாமியார் வூட்ல சண்ட போட்டுக்கினு வந்திருக்கேன் சார். புள்ளைங்கள எங்க அக்கா வூட்ல வுட்டிருக்கேன். போனா திரும்பி வராதன்னு சொல்லிட்டாங்க."

நான் அப்போது கேட்டது விதிக்கும் கோப்புக்கும் சம்பந்தமில்லாத கேள்வி. "ஏம்மா, உனக்குப் பயமா இல்ல?"

"பயமாத்தான் சார் இருக்குது. அதுக்குன்னு?"

எனக்கும் பயம் இருந்தது, வேறு மாதிரியான பயம். எங்கள் துறையில் ஓய்வுபெறும் நாள் என்பது ஒரு கண்டம். பக்கத்து அலுவலகத்தில் ஒருவர் எப்போதோ போட்ட ஒரு கையெழுத்துக்காக, அவர் ஓய்வுபெறவிருந்த அன்று மாலை ஐந்து மணிக்குத் தற்காலிகப் பணிநீக்க ஆணையை அவர் கையில் கொடுத்தார்கள். மாலையும் பழத்தட்டுமாகக் காத்திருந்தவர்கள் அவற்றை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழங்களை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. அதன் பிறகு எந்தச் சான்றைப் பார்த்தாலும் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும்.

பயந்த அலுவலர் மறுப்பதில்லை. மறுத்தால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். அவர் மேலே எழுதித் தெளிவுரை கேட்பார். நானும் கோப்பில் எழுதினேன்: 'பொறுப்பு அலுவலர் இச்சான்றில் ஒப்பமிடலாமா என மேலலுவலகத்தின் தெளிவுரை கோரப்படுகிறது.' என்னைவிட அழகாக அந்த வாக்கியத்தை எழுத மாவட்டத்தில் ஆள் இல்லை.

"மேல எழுதியிருக்கேன். பதில் வந்ததும் சொல்லி அனுப்புறோம்."

"எப்ப சார் வரும்?"

"சீக்கிரம் வரும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மலைக்குப் போகும் பஸ் நாலரைக்கு. காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

உதவியாளர் அம்மா உள்ளே வந்து டீ டம்ளரை எடுத்தார். "கையெழுத்துதான சார் கேட்டா? உங்க கையையா வெட்டிக் குடுக்கச் சொன்னா?"

"உனக்கு ரூல்ஸ் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு செருப்ப வுட்டுட்டுப் போயிட்டா" என்றார்.

நீல ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

"இருக்கட்டும். வருவா."

வரவில்லை. செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். தெளிவுரை கேட்டுவிட்டுப் பதில் வரும் முன் கையெழுத்துப் போடுவது முறையல்ல என்று அவரும் கோப்பை மூடிவைத்தார். அதற்குள் திங்கட்கிழமையே போய்விட்டிருந்தது.

செருப்பைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பெருக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைப்பார்கள். மற்றவர்களின் கண்ணுக்கு அது பழகிவிட்டது. எனக்கு மட்டும், தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதில் கால்கள் நுழைந்து நிற்பதுபோல இருக்கும். நிமிர்ந்தால் வெறும் வாசல்.

பத்து மாதம் கழித்து எந்த ஆணையும் வராமல் நல்லபடியாக ஓய்வுபெற்றேன். எனக்குப் பழத்தட்டு கிடைத்தது. ஒரு ஆப்பிளைக்கூட என்னால் தின்ன முடியவில்லை. சால்வைகளோடு அந்தச் செருப்பையும் பையில் போட்டு எடுத்து வந்தேன்.

"இது யார் செருப்பு?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் சொத்து."

அவள் அதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் எடுத்து வந்து கழுவி வைத்தேன். மூன்றாவது முறை அவள் தொடவில்லை. என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தாள். சில மதியங்களில், கண்ணயரும் நேரத்தில், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். அது நான் வைத்தபடியே இருக்கும்.

அடுத்த ஆண்டு துணிந்து மலை பஸ் ஏறினேன். மடியில் பை, அதில் செருப்பு. பக்கத்து இருக்கையில் சாமை மூட்டையோடு ஒரு நடுவயதுப் பெண். ஊர்ப் பெயரைச் சொல்லி, நர்ஸ் படிப்புக்குப் போகப் பார்த்த பெண்ணைத் தெரியுமா என்று கேட்டேன்.

"அதுவா? கீழ சீட்டு வாங்கப் போயி செருப்பத் தொலச்சிட்டு வந்தான்னு ஊரே சிரிச்சிதே. அப்புறம் இன்னா, காப்பித் தோட்ட வேலைக்குப் போயிட்டாங்க. கர்நாடகா பக்கம். வூடு பூட்டிக் கெடக்குது. அவ அக்கா மட்டும் இங்கதான் இருக்கா. அதோ தெரியுதே, அந்த ஓட்டு வூடு. எறங்குறீங்களா? இதான் ஸ்டாப்பு."

வீடு ரோட்டிலிருந்து ஐம்பதடி தூரம்கூட இருக்காது. முற்றத்தில் ஒருத்தி கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நடத்துனர் விசில் ஊதக் காத்திருந்தார். இறங்கி, இன்னார் நான் என்று சொல்லிப் பையைக் கொடுத்து, தங்கையின் முகவரியைக் கேட்டிருக்கலாம். யாரிடமும் தெளிவுரை கேட்கத் தேவையில்லாத வேலை.

"இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

பஸ் நகர்ந்தது. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினேன். அந்த வீட்டைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். "சார், நீங்க எழுதின லெட்டருக்கு இப்பதான் பதில் வந்திருக்கு. எதுக்குன்னே எங்களுக்குப் புரியல." நகலை வாங்கி வந்தேன். மூன்று வரி. முழு கூடுதல் பொறுப்பு வகிப்பவருக்கு ஒப்பமிட அதிகாரம் உண்டு. மனுவின் மீது உடன் நடவடிக்கை எடுக்கவும். விவரத்தை மனுதாரருக்குத் தெரிவிக்கவும்.

செருப்புக்குப் பக்கத்தில், வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பிறகு பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்து இடது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை.