ஏர்கோனுக்கு ஒரு நாள் லீவு

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடி வீடொன்றில் குடியிருந்தோம். படுக்கையறை மேற்குப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அதற்குள் அப்பளத்தைக் காட்டினாலே பொரிந்துவிடும் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன். என் மாமனாருக்கு மட்டும் அதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததில்லை. கிள்ளானிலிருந்து மகளைப் பார்க்க வருவார், தேநீர் குடிப்பார், கழுத்தைத் துடைத்துக்கொள்வார், "சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார். இரண்டு வருஷமாக இதே கதை.

"எங்கப்பா இந்த வீட்டுல ஒரு மத்தியானமாவது படுத்துத் தூங்கி எந்திரிக்கணுங்க," என்றாள் மனைவி ஒருநாள். "அப்பதான் நான் இங்க நல்லா இருக்கேன்னு நம்புவாரு."

இதைக் கேட்டு எனக்கே கிண்டல் பண்ணத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் வீட்டுக்கு ஏர்கோன் வந்தது. ஜன்னலில் பொருத்துகிற குளிர்சாதனம், செகண்ட் ஹேண்ட். அதற்கான சுவிட்ச் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. அதுவும் பழசு, வெள்ளை நிறம் மஞ்சளாகப் பழுத்திருந்தது. மாட்டியவர் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார். மேலே தள்ளினால் கரண்ட் வருமா, கீழே தள்ளினால் வருமா என்பது எங்கள் இருவருக்கும் கடைசிவரை மனதில் நிற்கவில்லை. அதிலிருந்த சின்னச் சிவப்பு விளக்குதான் சாட்சி. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. ஏர்கோனில் இருக்கும் குமிழைத் திருகுவதோடு சரி.

மூன்றாவது வாரம் ஆயுத பூஜை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமனார் சாப்பிட வருவதாக ஏற்பாடு. நான் தபால் அலுவலகத்துக் குமாஸ்தா. என் ஆயுதம் என்று பார்த்தால் ஒரு பேனாவும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். அவற்றுக்கு வைத்ததுபோக ஒரு கிண்ணம் சந்தனம் மிஞ்சிவிட்டது. எனவே இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், என் மோட்டார் சைக்கிள், சார்டின் டின் திறக்கிற கருவி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனேன். ஏர்கோனுக்குத் தனி மரியாதை. "இன்னைக்கு இதை யாரும் தொடக்கூடாது, அதுக்கும் லீவு" என்று அறிவித்துவிட்டு அணைத்தேன்.

மறுநாள் பத்தரை மணிக்குக் குமிழைத் திருகினேன். சத்தமே இல்லை. இன்னொரு முறை திருகினேன். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன்.

"சுவிட்ச் போட்டிருக்கான்னு பாருங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஏர்கோன் பக்கத்தில் நின்றபடியே பார்த்தேன். வியர்வையில் மூக்குக்கண்ணாடி நிற்காததால் கழற்றி வைத்திருந்தேன். "அதான் சிவப்பா எரியுதே!"

அவளும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா, எரியுது."

விற்ற கடைக்காரச் சீனருக்குப் போன் செய்தேன். அவர் மலாயில் கேட்ட முதல் கேள்வி, சுவிட்சைப் போட்டாயா பாஸ் என்பதுதான். போனிலேயே என்னை அளந்துவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆள் அனுப்பத் திங்கட்கிழமை ஆகும் என்றார்.

"நானே பாத்துக்கறேன்," என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"ரேடியோவைப் பிரிச்சவன் நான்."

"அது இன்னும் பிரிஞ்சுதானே கிடக்கு."

கரண்ட் ஓடுகிற பொருளாயிற்றே என்று காலில் ரப்பர் சிலிப்பரும், கையில் பாசாருக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையுமாகப் போர்க்கோலம் பூண்டேன். பொட்டு வைத்த திருப்புளியால் முன்மூடியைக் கழற்றினேன். வடிகட்டியை இழுத்ததும் முந்தைய சொந்தக்காரரின் பத்து வருஷத் தூசி என் தலையில் இறங்கியது. உள்ளே தெரிந்த ஒவ்வொரு ஒயரையும் உயிரைப் பணயம் வைத்து ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். எதுவும் பேசவில்லை.

பன்னிரண்டரைக்கு மாமனார் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, கரிமூட்டை தூக்கப் போயிட்டீங்களா?"

"சும்மா, சர்வீஸ் பண்றேன் மாமா."

சாப்பாடு முடிவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மனைவி மோர் ஊற்றினாள், விசிறினாள், பாயாசம் இன்னும் கொஞ்சம் என்றாள். கையைக் கழுவியவர் கைக்குட்டையை எடுத்தார்.

"சரிம்மா, பஸ்ஸுக்கு..."

அவள் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குடையை எடுக்கப் படுக்கையறைக்குள் போனவர் பீரோ பக்கத்தில் நின்றார். என் மாமனாருக்கு ஒரு பழக்கம். எங்கே குங்குமத்தைக் கண்டாலும் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். லோரியின் முகப்பில் இருந்தாலும் விடமாட்டார்.

"பூஜையெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றபடி மோதிர விரலால் சுவரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். சிவப்பு விளக்கு அவர் நெற்றியில் இருந்தது. சுவிட்சில் உதிர்ந்த சந்தனத்துக்கு நடுவே ஒரு இருண்ட கண்ணாடிப் புள்ளி.

முந்தின நாள் பக்தி முற்றிப்போய்க் குமிழோடு சுவர்ச் சுவிட்சையும் அணைத்து, விளக்கின் மேலேயே பொட்டு வைத்தவன் நான்தான். காலை முழுவதும் செத்துக் கிடந்த ஒயர்களோடுதான் உயிரைப் பணயம் வைத்து விளையாடியிருக்கிறேன்.

மாமனார் சுவிட்சைத் தட்டினார். மூடியில்லாத ஏர்கோன் லோரி மேடேறுவதுபோல் உறுமிக்கொண்டு கிளம்பி, மிச்சமிருந்த தூசியையும் என் முகத்தில் ஊதியது. அவர் என்னைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் சிரித்தது அன்றுதான். சிரித்துக் களைத்தவர், "கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேம்மா" என்று அப்படியே படுத்துவிட்டார்.

மனைவி ஓடிப்போய்த் தலையணை உறை மாற்றிக் கொண்டுவந்தாள். அதற்குள் குறட்டை கேட்டது. ஏர்கோன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஐந்து மணிக்கு எழுந்து தேநீர் குடித்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

"வர ஞாயித்துக்கிழமையும் வரேன் மாப்பிள்ளை," என்றார். "அதுவரைக்கும் தயவு செஞ்சு எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க."