துரையின் கைத்துப்பாக்கியைத் துடைத்த மாதங்கள்

தோட்டா மேசையில் விழுந்து, விரித்திருந்த துவாயின் ஓரம்வரை உருண்டு வந்து நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் கையில் இன்னும் துப்பாக்கி இருப்பது உறைத்தது. கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். போன சனிக்கிழமை இதே மேசையில் அதைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதி செய்து, எண்ணெய் பூசி, அலமாரியில் வைத்துப் பூட்டியது நான்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. பூட்டிய அலமாரிக்குள் தோட்டா எப்படி வந்தது?

ஐம்பதுகளின் பிற்பாதி. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிள்ளை பெறும் பெண்களைப் பார்ப்பது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல்களையும் இடுக்கிகளையும் கொதிக்க வைத்துத் துடைத்து அடுக்குவது, இதுதான் என் வேலை. துப்பாக்கிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தப்படுத்தி வைத்தவர் எங்கள் பெரிய துரை. அவர் வெள்ளைக்காரர். கிளப்பில் நடக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கென்றே மெல்லிய தோட்டா போடும் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். ஒருநாள் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நான் கத்தரிக்கோல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துடைப்பதை நின்று கவனித்தார். அடுத்த வாரமே பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் லீவுல சீமைக்குப் போறேன். இந்த மூடுபனியில இது துரு ஏறிப் போகும். நீ வந்து தொடைக்கணும். வாரம் ஒரு தரம். சுட்டாலும் வாரம் ஒரு தரம், சுடாட்டியும் வாரம் ஒரு தரம்" என்றார்.

"ஏன் தொரை, பங்களாவுல அப்பு இருக்காரே?" என்றேன். அப்பு என்பவர் பங்களாவில் சமையலும் மற்ற வேலைகளும் பார்த்தவர்.

"அவன் கரண்டிய தொடைக்கிற மாதிரி தேய்ப்பான். ரொம்பத் தேய்ச்சா கொழாயோட வாய் தேஞ்சு போகும். அப்புறம் குறி நிக்காது."

வீட்டில் அவருடைய மனைவி இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். துரைசாணிக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. அது மேசைமேல் இருந்தால் அந்த அறைக்குள் வர மாட்டார். துரை எனக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்த அன்றும் அவர் வாசலோடு நின்றுகொண்டார். துரை பொறுமையாகச் சொல்லித் தந்தார். முதலில் தோட்டா அடுக்கும் பெட்டியைக் கழற்று. பிறகு மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளே பார். அதற்குப் பிறகுதான் கம்பியில் பிளானல் துணியைச் சுற்றி உள்ளே விடு. துணி வெள்ளையாக வெளியே வந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போட்டு வை. ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்போல அவர் குரல் இளகியிருந்தது. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் பங்களாவுக்கு ஏறினேன். துணி எப்போதும் வெள்ளையாகவே வந்தது. சுடாத துப்பாக்கி வேறு எப்படி இருக்கும்?

அந்தச் சனிக்கிழமைதான் தோட்டா விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கை தன் பழக்கத்துக்குத் துணியைச் சுற்றிக் கம்பியை உள்ளே விட்டது. வெளியே வந்த துணி கன்னங்கரேலென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பட்டாசு கொளுத்திய நெடி.

யாரோ சுட்டிருக்கிறார்கள். யாரை?

சமையற்கட்டுக்கு ஓடினேன். அப்பு மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வாரம் இங்க வெடிச் சத்தம் கேட்டுச்சா?"

"வெடியா? ஆத்துல தண்ணி போற சத்தத்துல நான் கூப்பிடுறதே எனக்குக் கேக்கல. மத்தியானத்துல நான் லயத்துக்குப் போயிருவேன். ஏன் கேக்குறீங்க?"

அறைக்குத் திரும்பினேன். துப்பாக்கி இருந்த அறைக்குள், அந்த மேசைக்கு முன்னால், துரைசாணி நின்றுகொண்டிருந்தார். அந்த அறைக்குள் காலே வைக்காதவர். துவாயில் கிடந்த தோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேன், நர்ஸம்மா. ஒண்ணு உள்ள தங்கிருச்சு" என்றார்.

துரைசாணி எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரைக்கு மகளாகப் பிறந்து, எங்கள் ஆட்களில் ஒருத்தியான ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவர். சீமையில் அவர் குடியிருந்ததே இல்லை.

"நீங்களா, தொரசாணி? சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அவருக்குத் தெரியாது."

 பிரசவத்தில் செத்துப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வேலை. இது வேறு. கேட்கக் கூடாததைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"உங்களுக்கேவா எடுத்தீங்க?"

அவர் உட்கார்ந்தார். 

"மொத நாள் அதுக்குத்தான் எடுத்தேன்" என்றார்.

பிறகு சொன்னார். துரை திரும்பி வரப்போவதில்லை. கப்பலேற்றிவிட இவர் கொழும்புக்குப் போயிருந்தார். துறைமுகத்தில் வைத்துத்தான் துரை அதைச் சொல்லியிருக்கிறார். சீமையில் வேறொருத்தி இருக்கிறாள், அவளோடுதான் இனி வாழ்க்கை என்று. அடுத்த துரை வரும்வரை கம்பெனி உன்னைப் பங்களாவில் இருக்க விடும், நான் பேசிவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதே மூச்சில், துப்பாக்கியை நர்ஸ் வந்து துடைப்பாள், நீ தொட வேண்டாம், பிறகு ஆள் வைத்து எடுத்துக்கொள்வேன் என்றிருக்கிறார்.

"அதுக்கு வாரம் ஒரு தரம் பாக்க ஆள் வச்சிட்டுப் போனாரு நர்ஸம்மா. எனக்கு யாரையும் வைக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. இந்த மேசையருகே நின்று, இளகிய குரலில் எனக்குத் துணி சுற்றக் காட்டிக் கொடுத்தபோதே அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாசலோடு நின்ற இந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. இத்தனை வாரமும் நான் வந்து, வணக்கம் சொல்லி, துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பக்கத்து அறையில் ஒருத்தி இப்படி இருந்திருக்கிறாள்.

"அப்புறம் என்னதான் செஞ்சீங்க?"

"பின்தோட்டத்துக் கடைசிக்குப் போனேன். வேலிக் கம்பத்துல தோட்டக்காரன் ஒரு ஜாம் டின்னக் கவுத்து வச்சிருந்தான். அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எரிச்சலா வந்துச்சு. அதச் சுட்டேன். படல. இன்னொரு தரம் சுட்டேன், அப்பவும் படல. அது விழாம உள்ள போக மனசு வரல." ஒரு மாதிரி சிரித்தார். "விழுந்தப்போ தேத்தண்ணி நேரம் ஆயிருச்சு. பசிச்சது."

அன்றிலிருந்து ஆள் இல்லாத மத்தியானங்களில் போய்ச் சுட்டிருக்கிறார். சுட்டதும் தோட்டாவை எடுத்துவிட்டு வைக்கத் தெரிந்த அளவுக்கு, வாசலில் நின்றபடியே துரை எனக்குச் சொன்னதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார். துடைக்க மட்டும் தெரியவில்லை.

நான் அனுமதி கேட்கவில்லை. அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டிகளையும் மேசையில் கிடந்ததையும் எடுத்து, என் பிரசவப் பையில் பஞ்சுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். தொழிலாளிகளின் மருத்துவச்சி, துரை வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறேன். தெரிந்தால் வேலை போகும். அவர் தடுக்கவில்லை.

"அப்ப நான் சுடக் கூடாதா?"

"சுடுங்க. நான் தோட்டா கொண்டாறேன். நான் நிக்கிறப்போ சுடுங்க. சுட்ட அன்னைக்கே தொடைக்கணும், இல்லேன்னா புகை உள்ள உப்பா படிஞ்சிரும். அதனால தினமும் வரணும், தொரசாணி."

புகை ஒரு நாளில் அப்படிப் படியுமா என்று எனக்குத் தெரியாது. தினமும் வர எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். மறுக்கவில்லை. அவரிடமிருந்த சாவியையும் எடுத்து என் கையில் தந்தார்.

அப்படியாக வாரம் ஒரு தரம் என்பது தினமும் ஆயிற்று. மத்தியானம் லயங்களைப் பார்த்து முடித்ததும் பங்களாவுக்கு ஏறுவேன். பின்தோட்டத்தில் அவர் சுடுவார். நான் காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்குவேன். எத்தனை நாளானாலும் அந்த நடுக்கம் பழகவில்லை. பிறகு மேசையில் உட்கார்ந்து துடைப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து பேசுவார்.  ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தினமும் போய்க் குளிப்பாட்டுறதுக்கு அது என்னம்மா, பச்சப்புள்ளையா?"

"மழைக்காலம் ஐயா. துரு ஏறிரும்" என்றேன்.

ஒருநாள் போக முடியவில்லை. கீழ்ப்பிரிவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. அவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் வரை கூடவே இருக்க வேண்டியதாயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வந்து நேராகப் பங்களாவுக்கு ஏறினேன். பின்வாசலில் அப்பு தலையில் கை வைத்து நின்றார்.

"காலையிலேருந்து தொரசாணி அந்த ரூமுக்குள்ள கதவ சாத்திக்கிட்டாங்க. சாப்பிட வரல. கூப்பிட்டா பேச்சில்ல."

 பையில் எல்லாத் தோட்டாவும் இருந்ததா? அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேனா? மேசை இழுப்பறையைப் பார்த்தேனா? பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் கதவை இடித்தேன். "தொரசாணி! தொரசாணி!" என்று கத்தியது என் குரல்போலவே இல்லை.

கதவு திறந்தது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்க் கறையோடு துரைசாணி நின்றார். மேசையில் துவாயை விரித்து, துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பியிருந்தார். நான் ஒருநாளும் அத்தனை தூரம் கழற்றியதில்லை.

"அலமாரிப் பூட்ட ஒடச்சிட்டேன். நீங்க வரல, நானே தொடைச்சேன். திரும்பச் சேத்து மாட்டத்தான் வரல" என்றார். கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று கேட்டேன். கேட்டது, ஒரு சின்னக் கம்பிச்சுருள் எங்கோ தெறித்துவிட்டது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஆயாமார் பிள்ளையைத் தட்டுவதுபோல என் முதுகைத் தட்டினார். அப்பு ஒன்றும் புரியாமல் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கம்பிச்சுருள் அன்று சாயந்தரம் கம்பளத்துக்கு அடியில் அகப்பட்டது.

பனிக்காலம் முடிந்தபோது புதிய துரை வருவது உறுதியாயிற்று. துரைசாணிக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பி இருந்தார். அங்கே போக முடிவு செய்தார். துப்பாக்கிக்கு ஆள் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி, அதை ஹட்டன் பொலிசில் ஒப்படைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, தோட்டா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். நான் பிரசவப் பையைத் திறந்து, பஞ்சு, கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.

துரைசாணியை ரயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். "போயிட்டு வாறேன்" என்று எங்கள் வழக்கப்படி சொன்னார். வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பினால், மேல் லயத்தில் ஒருத்திக்கு வலி எடுத்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சேலையை மாற்றக்கூட நேரமில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லி, கையைக் கழுவி, அவள் வயிற்றில் வைத்தேன்.  இத்தனை மாதமும் நான் எதனோடு விளையாடிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் என்மேல் வந்து விழுந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒடம்பு முடியலையா? கொஞ்ச நேரம் உக்காருங்க. நான் தாங்கிக்குவேன்" என்றாள்.