சக்கரின் கலந்த தண்ணீர்ப் பந்தல்

கெலுகோரில் எங்கள் வீட்டருகே உள்ள பேரங்காடியில் சீனிக்கு மாற்றாக விற்கும் சரக்குகளுக்கென்று தனியாக ஓர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். சில மாதங்களாக எனக்கு அதுதான் திருத்தலம். மாவுச்சத்தைக் குறை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சோறு போயிற்று, தோசை போயிற்று, ரொட்டி சானாய் போயிற்று. முட்டையும் நானும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மிஞ்சியிருக்கிறோம். கோப்பியையாவது இனிப்பாகக் குடிக்கலாமே என்றுதான் அந்த அடுக்கின் முன்னால் போய் நிற்கிறேன். சீனித்துளசி இனிக்கத்தான் செய்கிறது. விழுங்கிய பிறகுதான் அது வேப்பிலைக்குத் தங்கை என்று தெரிகிறது. எரித்ரிட்டால் நாக்கைச் சில்லிட வைக்கும். அதைப் போட்டுக் கொடுத்த கோப்பியை ஒரு வாய் குடித்த என் வீட்டுக்காரர், காலையிலேயே பல் விளக்கிவிட்டேனே என்றார். சுக்ரலோஸ் எழுந்து போகத் தெரியாத விருந்தாளி. கோப்பி முடிந்து குவளையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் வாயிலேயே உட்கார்ந்திருக்கும். நாலு புத்தகம் படித்தவள் என்ற திமிரில் டப்பாக்களின் பின்னால் உள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் சீனிக்கு மாற்றுத் தேடிய முதல் மனிதர் என் தாய்மாமன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா லோரி ஓட்டினார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி நிபோங் திபால் வரைக்கும் கொண்டுபோய் இறக்குவார். அவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நீரிழிவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஒரு நோய்க்கு இவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்த சனங்கள் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். திருவிழாவில் குவளையில் ஊற்றிக் கொடுக்கிற சமாச்சாரம் போல இருக்கிறது.

அந்த வருடம் மாமாவின் இடது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. புண் மூடவில்லையென்றால் விரலை எடுக்க வேண்டும், பரவினால் காலையே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இடது கால்தான் கிளச் மிதிக்கிற கால். கால் போனால் லோரி போகும். லோரி போனால் மாமாவுக்கு உலகத்தில் வேறு வேலை தெரியாது. மாமா முருகனிடம் போனார். காலைக் காப்பாற்றிக் கொடுத்தால் தைப்பூசத்தன்று நம்முடைய தண்ணீர்ப் பந்தலில் ஒரு கரண்டிச் சீனி கூடக் கலக்காமல் தாகம் தீர்க்கிறேன், கடைசிக் காவடி போகும்வரை வெறுங்காலோடு தெருவில் நிற்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். தைப்பூசத்துக்கு முன்னாலேயே புண் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரி ஊசிக்கும் அத்தை தினமும் கட்டிய கட்டுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டென்று மாமாவுக்குத் தோன்றவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் வருடா வருடம் லோரிக்காரர்கள் சேர்ந்து பந்தல் போடுவார்கள். ரோஜா சிரப்புக்குப் பேர்போன பந்தல் அது. சீனி கிடையாது என்றதும் முதலில் கொதித்தவர் அத்தைதான்.

"ஒங்களுக்கு இனிப்பு நீருன்னா ஊருக்கே பத்தியமா?"

"நான் படுற பாட்ட இன்னொருத்தன் படக்கூடாதுலா. என் கையால யாருக்கும் வெசம் குடுக்க மாட்டேன்" என்றார் மாமா.

ஆகவே எங்கள் சமையலறையில் ஆராய்ச்சி தொடங்கியது. ருசி பார்க்கும் பதவி எனக்கு. வெற்றிலை, புகையிலை படாத நாக்கு என்பது என் தகுதி. முதலில் சீன மருந்துக் கடையிலிருந்து லோ ஹான் குவோ என்ற காய்ந்த பழம் வந்தது. கொதிக்க வைத்து ரோஜா எசன்ஸ் ஊற்றினால், பூ வாசம் வீசும் இருமல் மருந்து கிடைத்தது. அடுத்து, வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஏதோ ஒரு வெள்ளைப் பொடி. அத்தை அதை வாசனைக்குப் போடும் பாண்டான் இலையோடு பானையில் போட்டு நெடுநேரம் காய்ச்சியதில் இனிப்பு முழுவதும் ஆவியாகிவிட்டது போல வெறும் சிவப்புத் தண்ணீர் மிஞ்சியது. கடைசியில் சக்கரின். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. ஒரு குவளையில் ஒன்றைப் போட்டதும் தேனாய் இனித்தது. நான் தலையை ஆட்டினேன். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

குவளை வேறு, டிரம் வேறு என்பது தைப்பூசத்தன்று காலையில்தான் தெரிந்தது. நீல நிற டிரம்மில் நீரும் ஐஸும் சிவப்பும் கலந்து, மாமா மாத்திரைகளைக் கொட்டினார். இனிப்புப் போதவில்லை என்று தோன்றியது. இன்னும் கொட்டினார். சீனிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கூடிப்போனால் திகட்டுமே தவிர வேறு துரோகம் செய்யாது. சக்கரின் அப்படியல்ல. கூடக் கூடக் கசக்கும். கசப்பைப் போக்க மாமா மேலும் மாத்திரைகளைப் போட்டார்.

சனங்கள் ஆசையாக வந்து வாங்கினார்கள். ஒரு வாய் குடித்தார்கள். பிறகு பக்தியோடு சாக்கடையில் ஊற்றினார்கள். சாக்கடை ஓரம் முழுக்கச் சிவப்பாக ஓடியது. ஓர் எறும்புகூட வரவில்லை.

"என்னாண்ணே இது, பேட்டரி தண்ணியா?" என்று ஓர் இளைஞன் கேட்டுவிட்டுப் போனான்.

பால்குடம் ஏந்தி வந்த சீனர் ஒருவர் மட்டும் முகம் சுளிக்காமல் முழுக் குவளையையும் குடித்து முடித்து, கைகூப்பி, வெறும் தண்ணீர் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். எதிர்ப்பக்கப் பந்தலிலோ ஒலிபெருக்கி அலற, ஐஸ் மிதக்கும் பால் சிரப்புக்கு வரிசை நின்றது.

"ஒரு மூட்ட சீனி லோரியில கெடக்கு. கொட்டிக் கலக்கிருவோம். முருகன் கோச்சுக்கவா போறாரு?" என்றார் அத்தை.

"வாக்குக் குடுத்தாச்சு. வாய மூடு" என்றார் மாமா. ஆனால் அவர் கண் அவருடைய காலையே பார்த்தது. கொடுத்ததை வாங்குவாரில்லாமல் போனால், வேண்டுதல் செல்லுமா செல்லாதா என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தட்டில் குவளைகளை அடுக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கே போய் நின்றுவிட்டார்.

உச்சி வெயில். தார் இளகி மினுங்கியது. காவடி எடுத்தவர்களின் பாதத்தில் கூட வந்தவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்படியும் அவர்கள் குதித்துக் குதித்தே நடந்தார்கள். மாமாவிடம் குவளை கொடுக்க ஓடிய நான் செருப்பு நழுவி ஒரே ஒரு கணம் தாரில் கால் வைத்துவிட்டு வீறிட்டேன். மாமா மட்டும் வீட்டுக் கூடத்தில் நிற்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

முதலில் கவனித்தவர் பால்குடத்தோடு போன ஓர் அம்மாள்.

"ஐயா, ஒங்களுக்குக் கால் சுடலையா?"

மாமா அப்போதுதான் ஞாபகம் வந்தவராகக் குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். மற்றதையும் தூக்கி வைத்தார்.

"இல்லம்மா. சத்தியமா ஒன்னுமே தெரியல."

அந்த அம்மாள் ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். அவ்வளவுதான். எதிர்ப்பந்தலின் ஒலிபெருக்கி தணிந்தது, வரிசை எங்கள் பக்கம் திரும்பியது. சாக்கடைக்குப் போன அதே தண்ணீர் பிரசாதமாகிவிட்டது. கசந்தால்தான் சக்தி என்று யாரோ விளக்கம் சொன்னார். குழந்தைகளின் வாயைப் பிடித்து ஊற்றினார்கள். டிரம் காலியானது. அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமா என்னைப் பார்த்து, "ஏத்துக்கிட்டாரு பாப்பா, ஏத்துக்கிட்டாரு" என்றார். ஒரு பெரிய மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்குப் பின்னும் பார்த்ததில்லை.

கடைசிக் காவடி போன பிறகு மாமா லோரியின் படியில் உட்கார்ந்தார். புனிதமான பாதம் என்பதால் அத்தை வாளியில் தண்ணீர் எடுத்துவந்து தானே கழுவத் தொடங்கினார். இரண்டு உள்ளங்காலும் வெள்ளையாக ஊதியிருந்தன. இடது காலைத் துடைத்தபோது தோல் நனைந்த காகிதம் போலத் துணியோடு வந்துவிட்டது. அத்தையின் கை அப்படியே நின்றது.

"வலிக்குதா?"

மாமா அந்தக் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"இல்லையே" என்றார். மத்தியானம் சொன்ன அதே பதில்தான். குரலில் மட்டும் மத்தியானத்துச் சந்தோஷம் இல்லை.

புண் இந்த முறை யாருக்கும் அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லோரி கொஞ்ச நாள் வீட்டு வாசலில் நின்றது, பிறகு யாரோ ஏறி ஓட்டிக்கொண்டு போனார். மாமா கோப்பியில் கரண்டி கரண்டியாகச் சீனி போட்டுக் குடிக்க ஆரம்பித்தார். அத்தை சீனி டப்பாவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். இனிப்பு நீர் முற்றினால் முதலில் பாதத்தின் உணர்ச்சியைத்தான் தின்னும், சுடாமலிருந்தது அருள் அல்ல, அந்தத் தீனிதான் என்று எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

போன மாதம் என் டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். சொல்வதற்குத் தயாராக, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் ஆகிறதே என்று கண்ணைத் திறந்தால், அவர் தொட்டு முடித்துவிட்டு மேசைக்குப் போய் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தத் தைப்பூச மத்தியானத்தில், கூட்டம் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீயும் ஏதாவது வேண்டிக்கோ பாப்பா, இப்பக் கேட்டா கெடைக்கும் என்று அத்தை என் தலையை மலைப்பக்கம் திருப்பினார். வழக்கமாக நான் சைக்கிள் கேட்பேன். அன்று என் உள்ளங்கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக்கி மூடி, எனக்கும் மாமா மாதிரியே சுடாத கால் கொடு முருகா என்று கேட்டேன். மிகவும் உருக்கமாகத்தான் கேட்டேன்.