எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள்

எங்கள் தோணிகள் நிற்கும் இடத்துக்குப் போகிற பாதை எந்த உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பிலும் இல்லை. கல்முனைக்கு வடக்கே, முஸ்லிம்கள் வாழும் எங்கள் ஊர்க் கரையைக் கடல் அரித்து அரித்து வேலிவரை வந்தபிறகு, தோணிக்காரர்கள் ஊரை விட்டு எட்டத்தில், ஓடை கடலில் விழுகிற மணல்மேட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து ஊரான பெரியநீலாவணைத் தமிழ்ச் சனங்களின் தோணிகளும் அங்கேதான் நிற்கின்றன. முதலில் அங்கே போக ஒரு மாட்டுத்தடம் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் ஓடைச்சேறு, மறுபக்கம் கால் புதைகிற மணல். மீன்பிடிக்கிறவர்களே தாழம்புதரை வெட்டி அகலமாக்கி, தென்னோலை பரப்பி, கிறவல் மண்ணும் உடைந்த செங்கல்லும் கொட்டி அதைப் பாதையாக்கினார்கள். மாரி மழை வருசாவருசம் அதைக் கரைத்துக்கொண்டு போகும். மழை விட்டதும் திரும்பப் போடவேண்டும். போடாவிட்டால் ஐஸ் லொறி வராது. லொறி வராவிட்டால் பிடித்த மீன் கரையிலேயே நாறிப்போகும்.

தோணி வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றிலுமிருந்து ஓர் ஆள் பாதை வேலைக்கு வரவேண்டும் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சு. வராவிட்டால் தண்டம் என்று எதுவும் கிடையாது. ஆனால் வராதவனைப் பற்றிக் கடற்கரையில் கதைப்பார்கள். அப்படிக் கதைப்பதில் என் கணவர்தான் முன்னுக்கு நிற்பார். ஒரு வருசம் வேலைக்கு வராத ஒருவருடைய வீட்டு வாசல் கேற்றடியில் போய் நின்று, "என்ன, பொண்டாட்டிட்ட கேட்டுட்டா வருவாய்? இல்லாட்டி அவவ அனுப்பன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு வந்தார். வந்து, அதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவருக்கு இடுப்பு உடைந்தது ஒரு சாதாரணக் காலையில். தோணியைக் கரைக்கு ஏற்றும்போது உருளைக்கட்டை வழுக்கி, தோணி சரிந்து அவரை மணலோடு வைத்து நெரித்தது. ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். தோணியை அவருடைய கூட்டாளி கடலுக்குக் கொண்டுபோனார். என் கணவர் தடியோடு வீட்டுக்குள் நடந்தார். எங்களுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். என் கூடப்பிறந்த காக்காமார் கட்டாரில் வேலைக்கு இருந்தார்கள்.

அந்த மாரி ஓய்ந்து வெயில் எறித்த ஒரு பின்னேரம், பாதை வேலைக்கு ஆள் சொல்ல மீன்பிடிச் சங்கத் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் கணவரோடு ஒரே தோணியில் வளர்ந்த மனிதர் அவர். முன்வீட்டுக் கேற்றில் நின்று, "நாளைக்கு ரோட்டு வேல" என்று சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. சைக்கிள் எங்கள் கேற்றடிக்கு வந்தது. வேகம் குறைந்தது. பிறகு சத்தம் கூடி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

என் கணவர் மண்டபத்தில் கதிரையில் இருந்தார். பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அன்று இரவு சோறு வைத்தேன், கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டார்.

"வயிறு சரியில்லயா மச்சான்?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அடுத்த நாள் விடிய சுபஹுத் தொழுதுவிட்டு அவர் திரும்பப் படுத்ததும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம். கேற்றடியில் வேகம் குறைந்த அந்தச் சத்தத்தை இன்னொரு வருசம் கேட்க என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது. அபாயாவின் கரையை மடித்து ஊசி குத்தினேன். தெருவில் யாராவது கேட்டால் உம்மா வீட்டுக்கு என்று சொல்ல நினைத்திருந்தேன். மண்வெட்டியோடு எந்த உம்மா வீட்டுக்குப் போவது என்பது பாதித் தூரம் போனபிறகுதான் உறைத்தது.

பாதையில் எங்கள் ஊர் ஆண்கள் ஒரு பக்கமாகவும், பெரியநீலாவணைச் சனங்கள் ஆணும் பெண்ணுமாக இன்னொரு பக்கமாகவும் நின்று வேலை செய்தார்கள். நான் கிட்ட வரவர எங்கள் பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தலைவர்தான் முன்னுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, மச்சானுக்கு ஏதும் சுகமில்லயா?"

"இல்ல காக்கா. எங்கட வீட்டால ஆள் வந்திரிக்கி."

"ஆரு?"

"நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, வாய்தவறி வந்த சிரிப்பு. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வேணாம் தங்கச்சி. உங்கட வீட்ட நாங்க கணக்குல எடுக்கல்ல. நீங்க போய் மச்சானப் பாருங்க."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கோ முகம் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருந்தது. திரும்பி நடப்பதென்றால் அத்தனை பேரும் என் முதுகைப் பார்ப்பார்கள். நிற்பதென்றால் முகத்தைப் பார்ப்பார்கள். எதையும் முடிவெடுக்காமல் அப்படியே நின்றேன். அப்போது மறுபக்கத்திலிருந்து, சாரியைத் தூக்கிச் செருகியிருந்த ஒரு மனுசி கூப்பிட்டார்.

"இஞ்ச வா புள்ள. எங்கட வரிசையில ஓரிடம் கிடக்கு."

போய் நின்றேன். கிறவல் நிரம்பிய இரும்புத் தாச்சி கைக்குக் கை மாறி வந்தது. முதல் தாச்சியை வாங்கினதும் முழங்கால் மடிந்தது. அந்தப் பெண்களுக்கு அது பழகிய வேலை. கதைத்துக்கொண்டே கைமாற்றினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, மண்டைத்துணி நழுவியது. அதைச் சரிசெய்ய ஒரு கையை எடுத்தால் தாச்சி சரிந்து மண் கொட்டியது. அபாயா முழங்கால்வரை சேறு. எங்கள் ஊர் ஆண்கள் மரியாதைக்காக என் பக்கம் பார்க்காமலே வேலை செய்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய பார்வை என்று அன்றுதான் அறிந்தேன்.

தண்ணீர் தந்தார்கள், குடிக்கவில்லை. குடித்தால் வெளியே போகவேண்டி வரும், அந்த வெளியில் எங்கே போவது? அந்த மனுசிக்கு அது விளங்கியிருக்கவேண்டும். வெயில் ஏறினதும், "நாங்க தாழைப் பக்கம் போறம். நீயும் வா, ஆக்கள் பாக்காம நாங்க நிப்பம்" என்று காதோடு சொன்னார். போனேன். அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். அந்த உதவியை நினைக்கும்போது நன்றிக்கு முன்னால் கூச்சம்தான் இன்றும் வருகிறது.

நடுப்பகல் ளுஹர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஓட்டோ குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. இறங்கினது என் கணவரின் ராத்தா, என் மதினி. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் நேரே வந்தார்.

"என்ட தம்பி மவுத்தாப் போயிட்டானா?" என்று கேட்டார். "சொல்லுகா! அவன் உசிரோட இரிக்கக்குள்ள நீ ரோட்டுல நிண்டு மண் சுமக்கிறாய். ஊருக்கு என்னத்தக் காட்டுறாய்? என்ட தம்பி ஏலாதவன் எண்டு காட்டுறயா?"

என் கையில் தாச்சி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. சாரிக்கார மனுசிதான் அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"அவ மண்தானே சுமக்கிறா. களவா எடுக்கிறா?" என்றார்.

மதினி என்னையே பார்த்தார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. மதினிக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூடுதல். எங்கள் இரண்டு பேருடைய வெட்கமும் ஒரே மனிதரைப் பற்றியது. ஆனால் அதை ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்ள அந்த இடத்தில் வழியில்லை. அவர் ஓட்டோவில் ஏறினார். ஓட்டோ எங்கள் வீட்டுப் பக்கம்தான் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கிணற்றடியில் தடியைச் சாத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சத்தம் போடாமல் புத்தகத்தோடு இருந்தார்கள். நான் சேற்று உடுப்போடு பின்வழியால் உள்ளே போகப் பார்த்தேன்.

"நாளைக்கு நீ போகாத" என்றார்.

"மறுகா ஆரு போற?"

"நான் போவன்."

நான் வேண்டாம் என்று சொன்னால் மதினி சொன்னதுபோல அவர் ஏலாதவர் என்று நானே காட்டினதாகிவிடும்.

அடுத்த நாள் ஓட்டோவில் போனார். மண்வெட்டியை நான் பின்னால் கொண்டுபோனேன். இறங்கி, ஸலாம் சொன்னார். எல்லோரும் பதில் சொன்னார்கள். தடியை ஒரு தாழையில் சாத்திவிட்டு என்னிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, காலை அகட்டி வைத்து ஒரு வெட்டு வெட்டினார். நல்ல வெட்டு. இரண்டாவதற்குக் கையை ஓங்கினபோது இடுப்பு விட்டுவிட்டது. பக்கவாட்டில் விழுந்து சேற்றில் இருந்தார்.

ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவருடைய வாய்க்குப் பயந்தவர்கள். தூக்கப் போனால் என்ன சொல்வாரோ என்ற பயம் இன்னும் இருந்தது. நான் ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்தேன்.

"விடு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்காங்க."

எல்லோரும் பார்க்கவில்லை. கேற்றடியில் அன்று அவரிடம் பேச்சு வாங்கினவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் மட்டும் திரும்பவேயில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கிறவலைப் பரப்பினார், பரப்பினதையே திரும்பத் திரும்பப் பரப்பினார். திரும்பிப் பார்த்துச் சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் தலைவரும் நானுமாக என் கணவரைத் தூக்கி, பாதை ஓரத்தில் குவித்திருந்த செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் இருத்தினோம். உடைந்த வீடுகளிலிருந்து உழவு மெசினில் ஏற்றிவந்த கல். பெரிய பெரிய துண்டுகள். பள்ளத்துக்குப் போட அவற்றைச் சின்னதாக உடைக்கவேண்டும். அவர் ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சுத்தியல் ஒண்டு தாங்க" என்றார்.

இரண்டு சுத்தியல் வந்தது. நானும் அவருக்கு எதிரே இருந்து உடைத்தேன். செங்கல் தூள் அவருடைய தாடியெல்லாம் சிவப்பாகப் படிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பெரியநீலாவணைப் பெண்கள் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து தந்தார்கள். அவர் ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே, அந்த மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"அண்டைக்கி நான் அவன்ட கேத்தடியில கத்துனன் தெரியுமா?"

"ஓம்."

"அவன்ட பொண்டாட்டிக்கு அப்பதான் புள்ள செத்துப் பொறந்து, உள்ளுக்க படுத்திருந்தா. அதாலதான் அவன் வேலைக்கு வரல்ல." ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் கத்துனன்."

நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி அவர் சிரித்ததும், நான் கூடச் சிரித்ததும் நெஞ்சுக்குள் வந்து நின்றது.

"போய்க் கதைங்களன்" என்றேன்.

"என்னெண்டு கதைக்கிற? விழுந்ததால வந்து கதைக்கிறான் எண்டு நினைப்பான்." சுத்தியலை எடுத்தார். "நினைச்சாலும் அது சரிதானே."

அவர் போய்க் கதைக்கவில்லை. அந்த மனிதரும் வந்து கதைக்கவில்லை. பின்னேரம் உடைத்த கல்லை அள்ளிப்போக அந்த மனிதர்தான் தாச்சியோடு வந்தார். என் கணவர் தன் கையாலேயே தாச்சியை நிரப்பிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்ப வந்தார், என் கணவர் திரும்ப நிரப்பினார். அதை மன்னிப்பு என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

பாதை முடிந்து ஐஸ் லொறி வந்தது. ஊரில் எங்களைப் பற்றிய கதையும் வந்தது. கடையில் சாமான் வாங்கப் போனால் எனக்கு வழிவிடுவார்கள், ஆனால் கதை நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் என் மூத்தவளிடம், "உங்கட உம்மாதானே ரோட்டுப் போடுற?" என்று கூடப் படிக்கிறவள் கேட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே அழுதாள். "இனிப் போகாதீங்க உம்மா" என்றாள். சரி என்று அவளுக்குச் சொன்னேன்.

அடுத்த மாரி விட்டதும் சங்கத் தலைவரின் சைக்கிள் எங்கள் கேற்றடியில் நின்றது. "நாளைக்கு ரோட்டு வேல" என்று கூப்பிட்டுச் சொன்னார். யார் வருவது என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து என் கணவர், "சரி, ஆள் வரும்" என்று பதில் கொடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டேன்.

அதிலிருந்து வருசாவருசம் நான்தான் போகிறேன். அவருடைய இடுப்பு இன்னும் மோசமாகி, நிலத்தில் குந்தக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பழகினால் வெட்கம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. பஸ் போகிற ரோட்டைக் கடக்கும்போது மண்வெட்டியை அபாயாவோடு சேர்த்துப் பிடித்து மறைக்கப் பார்க்கிறேன். சாரிக்கார மனுசி அதைக் கண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். மறுநாளும் மறைப்பேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவினதும் அவர் கேட்பார். "எங்கமட்டும் போட்டீங்க? வளைவுல தண்ணி நிக்கா? ஓலைய குறுக்கால போட்டயா, நெடுக்கால போட்டயா?" நான் ஒவ்வொரு பள்ளமாகச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையில், "அதுல இன்னும் கல்லுப் போடச் சொல்லு" என்பார். ஆட்கள் யார் யார் வந்தார்கள், தேத்தண்ணி யார் ஊத்தினார்கள் என்று எல்லாவற்றையும் கேட்பார். நானும் சொல்வேன். காலையில் நான் போய்ச் சேர்கிறபோது எங்கள் பக்கத்து மண்வெட்டிகள் இன்றும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்ப வெட்டுகின்றன என்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்வதில்லை.