மோகன்ராஜ் பெயரில் நான் அடித்த மூன்று கோல்கள்

தனசேகர் அண்ணே, நீங்கள் என் மூன்று கோல்களை எடுத்து உங்கள் அக்கா மகனுக்குக் கொடுத்தீர்கள். வயதில் பெரியவர் என்பதால் ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். வேறு மரியாதை எதுவும் இதில் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். ஊர் அணிக்குத் தனசேகர் செயலாளர். அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். நான் அதே ஊர்க் காலனியில் பிறந்த யேசுபாதம். சென்டர் ஃபார்வர்ட் ஆடினேன். இப்போது ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் கால்பந்து கிளப்பின் சட்டைகளைத் துவைக்கிறேன். இந்த வேலைக்கு உத்திலெரோ என்று பெயர்.

இங்கே என்னை ஹெசூஸ் என்று கூப்பிடுகிறார்கள். இயேசு என்று அர்த்தம். இந்த நாட்டில் தெருவுக்கு நாலு பேர் அந்தப் பெயரில் இருக்கிறார்கள். வந்த முதல் வாரம், கோல் காக்கும் கோலியின் பெயரும் ஹெசூஸ் என்று தெரியாமல், பந்தை விட்ட அவனை எல்லோரும் அந்தப் பெயர் சொல்லித் திட்டியதைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். கிளப் அலுவலகத்துப் பெண் என் பாஸ்போர்ட்டில் முதல் பாதியைப் படித்துவிட்டு, போதும் என்று மீதியை விட்டுவிட்டாள். கால்பந்து கிளப்பில் பாதத்தை வெட்டிவிட்டார்கள். வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. ஆட்டத்துக்கு முந்தின நாள் சட்டைகளின் முதுகில் ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்தி ஒட்டுவேன். ஒரு எழுத்து கோணலாக இருந்தாலும் அந்தப் பையன்கள் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் வேண்டும். பெயர் அவர்களுடையது.

எங்கள் பயிற்சியாளர் எலோய் இந்த ஊர்க்காரர். பயிற்சியாளரை இங்கே மிஸ்தெர் என்பார்கள். மைதானத்தை ஒட்டிய மதுக்கடைச் சுவரில் அவர் வாழ்க்கை முழுவதும் படமாக மாட்டியிருக்கிறது. பதினெட்டு வயதில் பெரிய நகரத்துக் கிளப் அவரை ஃபார்வர்டாக அழைத்துக்கொண்டு போனது. நான்கு வருடம் கோல் மேல் கோல். பிறகு முழங்கால் போனது. ஊர் ஊராகச் சின்னக் கிளப்புகளில் ஆடினார். கடைசியில் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, இரண்டு வருடம் நொண்டிக்கொண்டே ஆடி முடித்தார். பயிற்சியாளராகி அணியை ஒரு பிரிவு மேலே ஏற்றினார். மறு வருடம் அது கீழே இறங்கியது. அவரை வெளியே அனுப்பினார்கள். வேறு ஆள் கிடைக்காமல் மறுபடி கூப்பிட்டார்கள். இத்தனையும் அந்தச் சுவரில் இருக்கிறது. அடித்த கோல், யாருக்கு எதிராக, எந்த நாள், தவறவிட்ட பெனால்டி உட்பட.

ஆட்டத்தின்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் நிற்பேன். பந்து கோல் முன்னால் குறுக்கே வரும்போது அவருடைய வலது கால் தானாக உதைக்கும். அதே நேரம் என் இடது காலும் உதைக்கும். அவர் கால் உதைப்பதை ஊரே பார்த்துச் சிரிக்கும். என் காலை யாரும் பார்த்ததில்லை.

நான் ஊரில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருடம், மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் காஞ்சிபுரத்தில். பட்டியல் முன்பே கொடுத்தாகிவிட்டது. அதில் என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. ஊர்ப்பக்கத்துப் பையன்கள் பதினைந்து பேர் இருந்தார்கள், பட்டியல் நிறைந்துவிட்டது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தனசேகரின் அக்கா மகன் மோகன்ராஜுக்குக் கணுக்கால் பிசகியது. அப்போதுதான் தனசேகர் காலனிக்கு சைக்கிளில் வந்தார்.

“யேசு, நாளன்னிக்கி நீதாம்பா மோகன். பேர மாத்த முடியாது, ஃபாரம் போயிடுச்சி. யார் கேட்டாலும் மோகன்னு சொல்லு. கூப்ட்டா திரும்பணும், இன்னா?”

“சரிண்ணே. நான் கோல் அடிச்சேன்னா?”

“அடிச்சா டீம் அடிச்ச மாதிரிதாம்பா. இன்னா இப்ப, உன் பேர கல்வெட்டுலயா செதுக்கப் போறாங்க?”

நான் சரி என்றேன். அதை மறைக்கவில்லை. ஆடக் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். பெயரோடு மோகன்ராஜின் பூட்ஸும் வந்தது. எனக்கு ஒரு அளவு பெரிது. எங்கள் கோல்கீப்பர் பாபு வீட்டில் தறி இருந்தது. அவன் கழிவுப் பட்டுநூலை ஒரு பிடி அள்ளி வந்து பூட்ஸின் முனையில் திணித்துக் கொடுத்தான். பஸ்ஸில் போகும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

“டேய் மோகன், உங்க மாமா எல்லாருக்கும் கோலி சோடா வாங்கித் தராராம். போய் வாங்கிக்கினு வாடா.”

“மாமான்னா எனக்குப் பொண்ணு குடுப்பாராடா?” என்றேன். பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் இருந்த தனசேகர் மட்டும் திரும்பவில்லை.

மூன்று கோல் அடித்தேன். முதலாவது தலையால். இரண்டாவது, தடுத்தவன் காலில் பட்டு வந்த பந்தை முழங்காலால் தள்ளியது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் முன்னால் இடது பூட்ஸ் கழன்று எங்கேயோ போய்விட்டது. நான் நிற்கவில்லை. வெறுங்காலோடு ஓடி, கோலி வெளியே வருவதைப் பார்த்து, அதே இடது காலால் அடித்தேன். பந்து கிளம்பிய அதே நொடி அவனுடைய பூட்ஸ் என் பெருவிரலில் இறங்கியது. நகம் அங்கேயே பெயர்ந்தது, பிறகு முளைக்கவே இல்லை. ரெஃப்ரி கோல் கொடுத்தார். கூட்டம் “மோகன், மோகன்” என்று கத்தியது. நான் கையைத் தூக்கினேன். அந்தப் பெயர் என்னுடையது என்றே அந்த நிமிடம் தோன்றியது.

சாயங்காலம் ஊரில் மேடை. கோப்பையை மேசைமேல் வைத்து, தனசேகர் மைக்கைப் பிடித்தார். “மூணு கோல் அடிச்சி நம்ம ஊரு மானத்தக் காப்பாத்துன மோகன்ராஜ் மேடைக்கு வரணும்.” நாள் முழுக்கத் திரும்பிப் பழகியதால் நான் மேடைப் படியில் ஒரு காலை வைத்தேன். அவருடைய கை என் நெஞ்சில் இருந்தது. மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, “நீ நில்லுபா” என்றார். கணுக்காலில் கட்டோடு நிஜ மோகன்ராஜ் ஏறினான். மாலையும் அவனுக்கு, சான்றிதழும் அவனுக்கு. அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அவன் வேலைக்குப் போனான். நான் துபாய் ஓட்டலின் சலவைக்கூடத்துக்குப் போனேன். பிறகு கப்பலின் சலவைக்கூடம். பிறகு இந்த ஊர்.

இவ்வளவு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் மகள் பெனிட்டா வாட்ஸ்அப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் படம் அனுப்பினாள். என் மனைவி மேரியும் அவளும் காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மேரி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஃப்ளெக்ஸில் இருந்தது ஏரியில் நடக்கும் இந்த வருடப் போட்டி. தொடங்கிவைப்பவர் ‘ஹாட்ரிக் நாயகன் மோகன்ராஜ்’. வரவேற்புரை தனசேகர்.

“அப்பா, இந்த அங்கிள் உங்க டீமாமே? ஃபைனல்ல மூணு கோல் அடிச்சாராமே?”

“அந்த மூணும் நான் அடிச்சதும்மா.”

சிரிக்கிற பொம்மை நான்கு வந்தது. பிறகு, “சும்மா இருங்கபா. ஃப்ளெக்ஸ்லயே போட்டுக்கிறாங்க.”

துவைத்த சட்டைகள் சுற்றிலும் தொங்க, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு என்னைத் தெரிந்தது போனில்தான். வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிற ஆள் நான். அவள் என்னைப் பொய்யன் என்று நினைக்கவில்லை, அப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைக்கிறாள். அது இன்னும் மோசம்.

அன்று மதியம் எலோயிடம் சொல்லிப் பார்த்தேன். என் ஸ்பானிஷ் சோப்பு, துண்டு, எத்தனை மணி என்பதைத் தாண்டாது. “மிஸ்தெர், நான் ஃபார்வர்ட். வேறு பெயரில் ஆடினேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அபோதோ!” என்றார். பட்டப்பெயர் என்று எடுத்துக்கொண்டார். இங்கே பாதி ஆட்டக்காரர்கள் பட்டப்பெயரில்தான் ஆடுகிறார்கள். “எனக்கும் ஒன்று இருந்தது. உனக்கு என்ன பெயர்? ஒரு சட்டையில் ஒட்டிக்கொள்” என்று தோளில் தட்டினார். நான் ஷூவைக் கழற்றி நகம் இல்லாத விரலைக் காட்டினேன். அவர் பேன்ட்டைச் சுருட்டி முழங்கால் தழும்பைக் காட்டினார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்யா கூட்டம். பெஞ்யா என்றால் ரசிகர் மன்றம், ஆனால் பாலாபிஷேகம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை பயிற்சியாளர் அந்த மதுக்கடையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். மீன் விற்கிற ஒரு கிழவி எழுந்து, என் பேரனை ஏன் ஆட்டத்தில் எடுக்கவில்லை என்று கேட்டாள். அவன் பயிற்சிக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று அவள் முகத்துக்கு நேராகவே எலோய் சொன்னார். பேரனும் அங்கேயே இருந்தான். பின்னால் ஒருவர் சுவரைக் காட்டி, “தொண்ணூற்றொன்பது கோல். நூறாவதை ஏன் வேண்டாம் என்று சொன்னாய்?” என்று கேட்டார். வருடா வருடம் கேட்கிற கேள்வியாம். எலோய் எழுந்து நின்றார். கடைசி ஆட்டத்தில் நூறாவது கோல் என்று என் கணக்கில் எழுதிய பந்து என்மேல் படவே இல்லை, கூட ஆடியவனின் தோளில் பட்டு உள்ளே போனது, அன்றே இதே கடையில் சொல்லிவிட்டேன், அது அவனுடையது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. கோபம்தான் வந்தது. உனக்கு இன்னும் தொண்ணூற்றொன்பது இருக்கிறது, மிஸ்தெர். ஒன்றைக் கொடுத்துவிட்டு நல்லவனாகலாம். எனக்கு இருந்ததே மூன்று. ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்த மனிதர் எழுந்து நின்றார். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

மறுநாள் காலை ஒரு பழைய சட்டையில் என் பெயரைத் தமிழில் பெரிதாக வெட்டி ஒட்டினேன். பாதத்தையும் சேர்த்து முழுப்பெயர். முதுகு போதவில்லை. கடைசி எழுத்துகள் விலாப்பக்கம் திரும்பிவிட்டன. இந்த ஊரில் அந்தப் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. படிக்கத் தெரிந்த ஊரில் அது எந்தச் சட்டையிலும் இல்லை. சூடு ஆறட்டும் என்று ஹெசூஸ் என்கிற கோலியின் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறேன்.

தனசேகர் அண்ணே, போட்டி நடக்கும் நாளில் மேரியும் பெனிட்டாவும் ஏரிக்கு வருவார்கள். மேடைக்கு நேர் எதிரே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எந்த மைக்கில் மோகன்ராஜ் என்று கூப்பிட்டீர்களோ, அதே மாதிரி ஒரு மைக் உங்கள் கையில் இருக்கும். நீங்கள் வரவேற்புரை பேச வேண்டாம். மூன்றாவது கோல் எந்தக் காலில் அடித்தது, பூட்ஸோடா இல்லாமலா, அதை மட்டும் சொல்லுங்கள். பிறகு உங்கள் அக்கா மகனை மேடையில் இடது ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள். நகம் இருக்கிறதா இல்லையா? என் மகள் கேட்கும்படி, மைக்கில் பதில் சொல்லுங்கள்.