துவைத்துக் கொடுத்த சட்டை

அருங்காட்சியகத்தில் அவரைக் கறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அது யாருடையது என்று தெரியாமல், புதிதாக வந்த காவலாளி அவருக்கு வந்த இரண்டு கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமோ மருந்தோ, படுக்கை விரிப்பில் எது பட்டிருந்தாலும் இருந்த சுவடே தெரியாமல் வழியனுப்பி வைப்பார். சலவைக்கூடத்தை மூடிய வருஷம், துணியும் கறையும் தெரிந்த ஆள் ஒருவர் தேவை என்று இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் கேட்டது. போய்ச் சேர்ந்தார். முதல் நாளே ஒரு பழைய கோட்டை அவர்முன் விரித்து, இதிலிருக்கும் சேறு ஒரு துகள்கூட உதிரக் கூடாது என்றார்கள்.

"அங்க கறை போகலைன்னா திட்டு. இங்க கறை போச்சுன்னா திட்டு. மொத்தத்துல உங்களுக்குத் திட்டு மட்டும் நிரந்தர உத்தியோகம்" என்பது அவர் மனைவியின் கணிப்பு. வீட்டில் துணி துவைப்பது அந்த அம்மாள்தான். கணவர் துவைத்தால் சட்டை தேய்ந்துவிடுகிறதாம்.

கட்டிடத்தின் மாடியில் ஒலிப்பதிவு அறை. உயிர் தப்பியவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அடித்தளத்தில் கறைக்காரரின் அறை. அங்கே ஜன்னல் கிடையாது, பதினெட்டு டிகிரி குளிர் எப்போதும் உண்டு. ஒற்றைச் செருப்பு, வளைந்த கரண்டி, பாதி எரிந்த கணக்கு நோட்டு எல்லாம் இழுப்பறைகளில் படுத்திருக்கும். இனி பிறக்கப் போகிறவர்களுக்காகச் சேர்த்த பொருள்கள் அவை. ஆனால் பார்ப்பதற்கு, யாரோ அவசரமாக வீடு காலி செய்து போனதுபோல் இருக்கும். அவர் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: வந்த நிலையிலேயே வை. அழுக்கைத் துடைக்காதே, கிழிசலைத் தைக்காதே, மடிப்பை மட்டும் பஞ்சு வைத்து நீக்கு. மடிப்பு இருந்தால் அந்த இடத்தில் நூல் அறுந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியை எடுத்தவர் கறைக்காரர். எடுக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். பேசியது ஒரு பெண். வயது எழுபத்தொன்று. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர்.

"எங்க அண்ணன் சட்டை ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அடிச்சதுல மூக்குல ரத்தம் கொட்டிச்சு. அம்மா அந்தச் சட்டையைக் கழட்டிட்டு வேற மாத்திவிட்டாங்க. மாத்தின சட்டையோடதான் அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல. கழட்டின சட்டை அறுபது வருஷமா எங்ககிட்டதான் இருக்கு. எப்படிக் கொண்டு வரணும்?"

"ஒண்ணும் மெனக்கெடாதீங்கம்மா. சுத்தமான வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டு வாங்க, போதும்."

அவ்வளவுதான் சொன்னார். துவைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கறையைப் பற்றி அந்த ஊரில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனாலேயே, மற்றவர்களுக்கு அது தெரியாது என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பொட்டலம் வந்தது. பிரித்தார். நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருந்தது. இரண்டு கைகளிலும் மடிப்பு கத்திபோல் நின்றது.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தார். ரத்தம் எங்கேயாவது மிச்சமிருந்தால் கறுப்பாகத் தெரியும். சட்டை முழுவதும் கல்யாண மண்டபம்போல் நீலமாக ஜொலித்தது. அத்தனையும் சலவைத்தூள். சலவை சரியில்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவர் வாழ்நாளில் முதன்முறையாக ஏங்கினார். மூன்று முறை பார்த்தார். தொழில் தெரிந்தவர் என்ற முறையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது: குறை சொல்ல முடியாத சலவை.

காப்பாட்சியர் அம்மையார் சட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"அவங்க அம்மா தொடாம வச்சிருந்த ரத்தம். அதுதானே சாட்சி? இப்ப இது வெறும் சட்டை. திங்கக்கிழமை குழுவுல வச்சா ஒரே நிமிஷத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

"திருப்பி அனுப்பினா அந்தப் பையனுக்கு ஒண்ணுமே இல்ல மேடம். போட்டோ இல்ல, சமாதி இல்ல, இருந்த பதிவெல்லாம் எரிஞ்சு போச்சுன்னு தங்கை கடிதம் வச்சிருக்காங்க. சட்டை உள்ளே வந்தாத்தான் நம்ம பதிவேட்டுல பேராவது ஏறும்."

"ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு கண்ணாடிக்கு முன்னால நின்னு, இதுல என்ன இருக்குன்னு கேட்டா?"

அதற்கு யார் பதில் சொல்ல முடியும் என்று கறைக்காரருக்குத் தெரிந்தது. அன்று மாலையே சட்டை அனுப்பிய அம்மாளைக் கூப்பிட்டு, சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கு வர முடியுமா என்று கேட்டார்.

வந்தார். ஒலிப்பதிவு அறையில் கேள்வி கேட்பவர் வேறொருவர். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கறைக்காரர், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஏம்மா துவைச்சீங்க?"

"நீங்கதானே தம்பி சுத்தமான துணியில சுத்தச் சொன்னீங்க? உள்ளே அழுக்குச் சட்டையை வச்சு வெளிய வெள்ளைத் துணி சுத்தினா நல்லாவா இருக்கும்?" என்றவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ரத்தத்தோட வேணும்னுதான் கேட்டீங்களா?"

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"முப்பது வருஷம் கோர்ட்ல தட்டச்சு. சாட்சிப் பொருளைத் துவைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அது எனக்குச் சாட்சிப் பொருளாத் தெரியல. அண்ணன் சட்டையாத்தான் தெரிஞ்சுது." கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவனைக் கூட்டிட்டுப் போனப்ப போட்டிருந்தது கொடியில இருந்து உருவின கசங்கல் சட்டை. இஸ்திரி போட நேரம் கொடுக்கல. எங்க அம்மா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. எம்புள்ளையைக் கசங்கல் சட்டையோட அனுப்பிட்டேனே, எம்புள்ளையைக் கசங்கல் சட்டையோட அனுப்பிட்டேனே... அடிச்சதைக்கூட அவ்வளவு தரம் சொன்னதில்ல. இப்ப அவன் நாலு பேர் பாக்கற இடத்துக்குப் போறான். இந்தத் தடவையும் நான் அப்படியே அனுப்புறதா?"

திங்கட்கிழமை குழுவில் மூன்று பேர். கறைக்காரருக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதிக்கொண்டு வந்த நிலை அறிக்கையைப் படித்தார். "கறை: இல்லை. அறுபது வருஷம் இருந்தது. எங்கள் ஊழியர் சரியாகச் சொல்லாததால் தங்கை துவைத்துவிட்டார். ஊழியர் நான். மடிப்பு: இரண்டு கைகளிலும் இஸ்திரி மடிப்பு. நீக்கக் கூடாது."

"மடிப்பு இருந்தா நூல் அறுந்துடும்னு நீங்கதானே எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க?" என்றார் காப்பாட்சியர்.

"ஆமா மேடம். அறுந்துடும். ஆனா வந்த நிலையிலேயே வைக்கணும்னு விதி. இது வந்த நிலை இதுதான்."

இரண்டும் அவருடைய மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்த அந்த ஒரே விதிக்குள்தான் இருந்தன. ஒன்றை ஒன்று வெட்டும் என்று அதுவரை யாரும் கவனிக்கவில்லை. சட்டையைத் தனியாக வைப்பதில்லை, தங்கையின் குரலோடு சேர்த்துத்தான் வைப்பது என்ற நிபந்தனையில் குழு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதில் முதல் கை காப்பாட்சியருடையது. பதிவேட்டில் அண்ணன் பெயர் ஏறியது. நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கும் வேலை கறைக்காரர் தலையில் விழுந்தது. 'துவைக்க வேண்டாம்' என்று எழுதினார். அடித்தார். 'துவைப்பதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்' என்று எழுதினார்.

"அட, உருப்படியா ஒரு வரி எழுதியிருக்கீங்களே" என்றார் மனைவி.

அடுத்த மாதம், அண்ணன் சட்டையைப் பார்க்க அந்த அம்மாள் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை கைகளை மடக்காமல் படுத்திருந்தது. பக்கத்தில் பெயர், வயது பதினேழு. தங்கையின் குரல் கேட்கும் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பள்ளி மாணவி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் அவளுக்கு இடம் விட்டு நின்றார். அவள் போனபிறகு கண்ணாடிக்கு அருகில் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, காலர்ல இடது பக்கம் லேசா சுருங்கியிருக்கு. ஒரு இஸ்திரிப் பெட்டி கிடைக்குமா?"

"கிடைக்காதும்மா."

"வீட்டுக்குக் கொண்டு போய் நாளைக்கே கொண்டு வந்துடறேன்."

"அம்மா!"

"சரி சரி" என்றார் அவர். ஆனால் கண்ணாடியில் விரலை வைத்து, காலர் இருந்த இடத்தை இரண்டு முறை நீவிவிட்டுத்தான் போனார். கண்ணாடியில் விரல் தடம் விழுந்தது. துடைக்கும் துணியோடு வந்த ஊழியரை, "மூடற நேரத்துக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கறைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.