மூன்று கோடு

நானும் அக்காவும் வேலை செய்யும் மிளகாய் மில்லில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். வாய்க்காக வைத்த பெயர்தான், நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த வாய்க்குள் இருக்கும் நாக்குக்குத்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். மூட்டை வந்து இறங்கியதும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று வற்றலைக் கிள்ளி நாக்கு நுனியில் வைப்பாள். பிறகு மூட்டைமேல் நீலச் சாக்பீஸால் கோடு. ஒன்று என்றால் காரம் குறைவு, இரண்டு நடுத்தரம், மூன்று என்றால் கிட்டே போகாதே. அவள் கோடு இல்லாமல் எதுவும் லாரி ஏறாது.

அன்று வந்த மூட்டைகளில் முதல் பத்து பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகவேண்டியவை. ஒற்றைக் கோடு வேண்டும். பத்தையும் பார்த்து முடித்து, "ஸ்ஸ்..." என்று நிமிர்ந்தாள் அக்கா.

"இது பிள்ளைங்களுக்கு ஆகாது."

புது மேனேஜர் சிரித்தார். வந்து பத்து நாள்தான். பேச்சு மட்டும் இருபது வருஷத்துக்கு இருக்கும். "போன வருஷம் போட்ட அதே விதை, அதே தோட்டம். காரம் மட்டும் எங்கேருந்தும்மா வந்துச்சு? விதையச் சலிச்சு எடுத்துட்டு ஒத்தக் கோடு போடு."

"ஒரே வயித்துல பொறந்த நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாவா சார் இருக்கோம்?" என்று என்னைக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மைதான், நான் வாயில்லாப் பூச்சி. "இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. தாகத்துல காய்ச்ச மிளகாய்க்குக் கோவம் ஜாஸ்தி. அப்புறம், காரம் விதையில இல்ல."

"விதையிலதான். ஊருக்கே தெரியும்."

அக்கா ஒரு வற்றலைப் பிளந்து, ஒரு விதையைத் துடைத்து நீட்டினாள். மென்றார்.

"லேசாத்தான் உறைக்குது..."

"அதுவும் ஒட்டிக்கிட்டிருந்த பாவத்துக்கு" என்றவள், விதைகள் ஒட்டியிருந்த வெளிறிய நரம்பை நகத்தால் கீறி எடுத்து நீட்டினாள். அவர் வாங்காமல் இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை, வாயில் போட்டுக்கொண்டார்.

ஐயோ, அந்த முகம்! குழாயடிக்கு ஓடினார். "தண்ணி வேணாம் சார், பால் குடிங்க!" என்று அக்கா கத்தியது காதில் விழவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகத் திரும்பி வந்தவர், "நாளையிலேருந்து நீ வரவேணாம்" என்றார்.

"சந்தோஷம். ஆனா பொய்க் கோடு என் கையால விழாது." சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு நிமிஷத்தில் போயிற்று.

மேனேஜர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "நீ போடும்மா. உனக்காவது பொழைக்கத் தெரியட்டும்."

வாங்கினேன். சாக்பீஸ் பிடித்துப் பழக்கமில்லை, பொய் சொல்வானேன். பத்து மூட்டையிலும் கோடு போட்டேன். மூன்று மூன்றாக.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "மூணு கோடா? நான் ஏத்தமாட்டேன். என் பொண்ணும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் சாப்பிடுது." கதவை அறைந்து சாத்தினார். மேனேஜர் மறுபடியும் குழாயடிக்கு ஓடினார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பி வந்து மூட்டைகளைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கோணலாப் போட்டிருக்கடி" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.